பெண்யானை நடக்க வேண்டிய எல்லை

பொன்னாற்றூரை ஆண்ட மாறவேள் மூன்று போர்களில் வென்றவன். அந்தப்புரத்தில் ஒருமுறையும் வென்றதில்லை. அரசியின் தம்பி சடையன் ஏனாதிக்கு அது போதுமானதாக இருந்தது.

தலைநகரில் ஒன்பது வட்டங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வட்டத்தாரும் தாம் விரும்புகிறவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். அதிக ஓலை பெற்றவர் நகரசபையில் அமர்வார். நிற்பவருக்கு அந்த வட்டத்தில் சொந்த வீடு இருக்க வேண்டும். வேறு தகுதி எதையும் சட்டம் கேட்கவில்லை. ஏனாதியால் நிற்க முடிந்ததே அதனால்தான்.

அவர் நின்றது குளக்கரை வட்டத்தில். முதலாண்டு பதினோரு ஓலை, அடுத்த ஆண்டு ஏழு, மூன்றாம் ஆண்டு நான்கு. அவர் வீட்டில் மட்டும் ஓலை இடுகிறவர்கள் ஐந்து பேர்.

மூன்று முறையும் வென்றவர் குயவர் நம்பன். காரணம் எளியது. குளத்தைத் தூர்த்துப் பண்டகசாலை கட்ட ஏனாதிக்கு ஆசை. நானூறு வீட்டார் குடிப்பதோ அந்தக் குளத்து நீரை. நம்பன் சபையில் இருக்கும்வரை ஒரு கூடை மண்ணும் அதில் விழாது.

நான்காம் ஆண்டு ஏனாதி மக்களின் மனத்தை மாற்றும் முயற்சியைக் கைவிட்டார். வட்டத்தின் எல்லையையே மாற்றிவிடுவதெனத் துணிந்து, புதிய எல்லை வரைந்த சீலை ஒன்றை அவையில் விரித்தார்.

அரசன் நெடுநேரம் பார்த்தான். "இது என்ன, முருங்கைக்காயா?"

"முருங்கைக்காய்க்கு இத்தனை வளைவு கிடையாது, அரசே. இது பாகற்கொடி" என்றாள் காரிநங்கை. அரசாணைகளை ஓலையில் எழுதுபவள் அவள். அவள் எழுத்தாணியைவிட நாக்கு கூர்மை என்பது அவையோரின் நெடுநாள் புகார்.

"நகரம் வளர்ந்துவிட்டது. எல்லையும் வளர வேண்டாமா?" என்றார் ஏனாதி.

"குயவர் தெரு முழுவதும் வெளியே போய்விட்டதே, ஏனாதியாரே. இதுதான் வளர்ச்சியா?"

"அவர்களுக்கு அடுத்த வட்டம் அருகில்."

"இதோ, இந்த இடத்தில் கோடு ஒரு வீட்டின் நடுவே போகிறது. கூடம் உள்ளே, அடுப்படி வெளியே. யார் வீடு இது?"

ஏனாதி தொண்டையைச் செருமினார். "என் வீடு. நிர்வாக வசதிக்காக அப்படி."

அடுப்படியை ஒட்டிய அறையில் உறங்குவது அவர் மனைவி கொற்றி என்பதும், தமக்கு விழாத ஐந்தாவது ஓலை யாருடையதென அவர் ஐயுற்றார் என்பதும் அவைக்கு அப்போது புரிந்தன. யாரும் சிரிக்கவில்லை, இருமினார்கள்.

அவை கலைந்ததும் அரசன் நங்கையை நிறுத்தினான். "அரசி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை."

"அதைக் குறையாகவா சொல்கிறீர்கள்?"

"விளையாடாதே, நங்காய். தம்பி கேட்டதைக் கொடுத்தால்தான் அவள் பேசுவாள். கொடுத்தாலோ குளக்கரையில் நானூறு வீட்டாரும் என்னைத் தூற்றுவர். அரசியும் சினக்கக் கூடாது, அவர்களும் தூற்றக் கூடாது. அப்படி ஓர் ஆணை எழுது. நாளை காலையில் வேண்டும்."

"ஏனாதியார் கேட்டதைக் கேட்டபடியே எழுதிவிடுகிறேன். உங்கள் பாட்டனாரின் வழக்கத்தை மட்டும் கடைசியில் ஒரு வரியாகச் சேர்க்க அனுமதி வேண்டும்."

"பாட்டனாரின் வழக்கத்தை மறுக்க அரசியாலும் முடியாது. சேர்த்துக்கொள்."

மறுநாள் காலையில் ஏனாதி கதவைத் திறந்தார். வாசலில் அரண்மனைப் பெண்யானை செங்கமலம் நின்றது. கழுத்தில் பாகன், பக்கத்தில் கடப்பாரையோடு எட்டுப் பேர், முன்னால் ஆணையோலையோடு காரிநங்கை. பின்னால் குளக்கரை முழுவதும் திரண்டிருந்தது.

"வாழ்த்துகள், ஏனாதியாரே. உங்கள் எல்லைக்கு அரசர் இசைந்துவிட்டார்."

"அதற்கு யானை எதற்கு?"

"பெண்யானை ஒருமுறை நடந்து வராத எல்லை இந்நகரில் செல்லாது. அரசரின் பாட்டனார் வைத்த வழக்கம். கருமார் தெருவை இந்த வட்டத்தில் சேர்த்தபோது குறுக்கே நின்ற இரண்டு உலைக்கூடங்களை இடித்துத்தான் யானைக்கு வழிவிட்டார்கள். முப்பது ஆண்டு ஆயிற்று. வீட்டுக்குள் உட்கார்ந்து எல்லை வரைகிறவர்களுக்கு யானை நினைவுக்கு வராததில் வியப்பில்லை."

"வேறெங்காவது தொடங்கலாமே."

"எங்கே தொடங்கினாலும் சுற்றி இங்கேதான் வர வேண்டும். நல்ல காரியம், பெரியவர் வீட்டிலிருந்து தொடங்கட்டும் என்று நினைத்தேன். கோட்டிலிருந்து ஒரு முழமும் விலக மாட்டோம். முதலில் வாசற்சுவர், பிறகு கூடத்துச் சுவர், அதன்பின் தூண்கள்."

செங்கமலம் ஓர் அடி எடுத்து வைத்தது. வாசற்படியின் ஒரு மூலை பெயர்ந்தது.

உள்ளிருந்து கொற்றியின் குரல் அமைதியாக வந்தது. "அடுப்பை அணைத்துவிடட்டுமா, நங்கை? யானைக்குச் சூடு ஆகாது."

ஏனாதி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். யானையை நிமிர்ந்து பார்த்தார். "பழைய எல்லையில் அப்படியொன்றும் குறையில்லை" என்றார்.

"அதை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். அரசி கேட்பார்கள்."

எழுதிக் கொடுத்தார். தம்பி தன் கையால் எழுதியதைப் படித்த அரசிக்குச் சினக்க இடமில்லை. அன்று மாலையே அரசனோடு பேசத் தொடங்கினாள். அவனுக்கு அதில் எவ்வளவு மகிழ்ச்சி என்று யாரும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அரசன் முன்னிலையில் குளக்கரையின் குடத்தைக் கவிழ்த்தார்கள். நம்பனுக்கு ஆயிரத்து முந்நூற்று எண்பது ஓலை. ஏனாதிக்கு மூன்று. செங்கமலத்துக்குப் பதினேழு.

அரசன் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி நங்கையிடம் கொடுத்தான். "என் மைத்துனனை யானை வென்றுவிட்டதே. அதைச் சபையில் அமர்த்த வழி உண்டா?"

"இல்லை, அரசே. அதற்கு வட்டத்துக்குள் சொந்த வீடு இல்லை" என்றாள் நங்கை. "அன்று இன்னும் நாலடி நடந்திருந்தால், ஏனாதியாருக்கும் இருந்திருக்காது."