கை தூக்கும் நாள்

தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று சுகிர்தத்துக்குப் பயம். பஸ்ஸில் வரும்போதே கேள்வியை ஜெர்மனில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கதவு திறந்ததும் பாதி மறந்துபோனது.

"டீச்சர், நாளைக்கு எதற்குக் கை தூக்கினால் எனக்கு ஆபத்தில்லை?"

செரைனா அவளை உள்ளே கூப்பிட்டுக் கேத்தலை அடுப்பில் வைத்தாள். குடியுரிமைப் பரீட்சைக்காக இவளிடம் மொழியும் சட்டமும் படிக்க வந்தவள் சுகிர்தம். பரீட்சை முடிந்து குடியுரிமை கிடைத்த பிறகும் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை.

அந்த ஸ்விஸ் மலைக் கிராமத்தில் ஊர்க்காரியம் எல்லாம் சதுக்கத்தில் கை தூக்கித்தான் முடிவாகும். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழ்ப்பக்கம் ஜெர்மன் பேசுகிறவர்கள் நிற்பார்கள். பெருங்கூட்டம். மேல்பக்கம் ரோமான்ஷ் பேசும் மலைத்தெருக்காரர். கொஞ்சப் பேர்.

இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எண்ணுவது வழக்கம். மலைத்தெருப் பள்ளிக்கூடத்தில் எதையும் மாற்ற வேண்டுமென்றால் மேல்பக்கமும் சம்மதிக்க வேண்டும்.

அந்த வழக்கத்தையே எடுத்துவிடலாமா என்பதுதான் நாளைய கேள்வி. இதற்கு மட்டும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து எண்ணும் மொத்தக் கைகள் போதும்.

"ஹோட்டல் முதலாளி தனக்குப் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்கிறார், டீச்சர். எல்லாரும் சமம், எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை என்கிறார். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது."

"பிறகு ஏன் உன் முகம் இப்படி இருக்கிறது?"

"எதிராகத் தூக்கினால் அவர் கண்ணில் படும். வேலை போய்விடும். எங்களுடைய வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மண்டபம் தருகிறதும் இந்த ஊர்தானே? பேசாமல் தலையிடி என்று வீட்டில் படுத்துவிடட்டுமா?"

செரைனா ஜன்னலைத் திறந்தாள். தோட்டத்தில் நின்ற புருஷனைக் கூப்பிட்டாள்.

"லூசி, உள்ளே வா. வாக்கெடுப்பு."

லூசி சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தார்.

"இந்த மேசையில் இனிமேல் பால் தேநீர் மட்டும்தான். ஆம் என்கிறவர்கள்?"

செரைனா கை தூக்கினாள். லூசியும் தூக்கினார்.

வெறுந்தேநீர் மட்டுமே குடிக்கிற சுகிர்தம் சிரித்துவிட்டாள். "சரி, சரி. தோற்றுப்போனேன். பாலை ஊற்றுங்கள்."

"இந்த மேசையில் நெற்றியில் பொட்டோடு உட்காரக் கூடாது. ஆம் என்கிறவர்கள்?"

செரைனாவின் கை மேலே போனது. லூசி அவளைப் பார்த்தார். பிறகு அவர் கையும் போனது.

சுகிர்தத்தின் சிரிப்பு நின்றது. விரல் தன்னால் நெற்றிக்குப் போனது.

"இதுக்கெல்லாம் கை தூக்கக் கூடாது, டீச்சர்."

"யார் சொன்னது?"

"இது என்னுடையது."

"மூன்று பேரும் சமம். உன் கையையும் எண்ணினோம்."

கேத்தல் கொதித்துச் சத்தம் போட்டது. யாரும் எழும்பவில்லை.

லூசிதான் முதலில் கையை இறக்கினார். "எனக்கு உன் பொட்டு பிடிக்கும், சுகிர்தம். இவள் தூக்கினாள், நானும் தூக்கிவிட்டேன்."

"அதுதான் எனக்குப் பயம்," என்றாள் சுகிர்தம்.

செரைனா எழும்பிப்போய்த் தேநீர் ஊற்றி வந்தாள். பால் இல்லை.

"குடி. ஆறிவிடும்."

"நாளைக்கு நான் என்ன செய்யட்டும், டீச்சர்?"

"சீனி போதுமா பார்."

மறுநாள் சதுக்கத்தில் நல்ல வெயில். முதலாளி தூரத்திலிருந்தே கையைக் காட்டிக் கூப்பிட்டார். சுகிர்தம் போய் அவர் பக்கத்தில் நின்றாள். நெற்றியில் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு.

"எல்லாரையும் ஒன்றாக எண்ணலாம் என்கிறவர்கள்?"

அவளைச் சுற்றிக் கைகள் காடாக எழுந்தன. சுகிர்தம் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தாள்.

"வேண்டாம் என்கிறவர்கள்?"

தொட்டிக்கு மேல்பக்கம் கைகள் எழுந்தன. கீழ்ப்பக்கம் அங்கொன்று இங்கொன்று. தூரத்தில் செரைனாவின் கை. அதற்குப் பக்கத்தில் லூசியின் கை.

சுகிர்தம் வலது கையைப் பையிலிருந்து எடுத்தாள். தலைக்கு மேலே தூக்கினாள்.

முதலாளி திரும்பிப் பார்த்தார். எண்ணுகிறவரின் விரல் அவளைத் தாண்டிப் போகும்வரை பொறுத்திருந்தார்.

"என் பக்கத்தில் நின்றுகொண்டே தூக்குகிறாய். உனக்குப் பயமில்லையா?"

"பயம்தான், முதலாளி," என்றாள் சுகிர்தம். "அதனால்தான் தூக்கினேன்."