உப்பை விடாத சகோதரிகள்

அந்தக் காலத்தில் கொக்கும் நண்டும் மட்டுமல்ல, உடம்புக்குள் இருக்கும் உறுப்புகளும் பேசும். முதுகுக்கு உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறுநீரகங்கள் அக்காளும் தங்கையும். பெரியவர், பச்சைப்பிள்ளை என்று பார்க்காமல், வந்த உப்பை வந்த வேகத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கடலோர உப்பளத்தில் பேச்சித்தாய்க்குப் பிறந்த முதல் பிள்ளை அதனால்தான் செத்தது. தாய்ப்பாலில் இருப்பதே துளி உப்பு. அதுவும் மூத்திரத்தில் போய்விட, பிள்ளை தேறவேயில்லை. உப்பு குவிந்து கிடக்கும் ஊரில் உப்பில்லாமல் ஒரு சாவு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டாவதாகப் பெண் பிறந்ததும் பேச்சித்தாய் அதன் முதுகில் வாய் வைத்துக் கெஞ்சினாள். "தாயிகளா, இதையாவது எனக்குத் தாங்க. கிடைக்கிற உப்பை விட்டுராதீய."

"பிடிச்சா விட மாட்டோம். சம்மதமா?" என்றாள் அக்காள்.

"விடவே வேண்டாம்."

பிள்ளை மளமளவென்று தேறியது. கன்னம் உப்பி, கவிழ்ந்து, உட்காரவும் பழகியது.

அந்த வருஷத்தின் முதல் உப்பை வாரினார்கள். முதல் உப்பை வீட்டில் எல்லோரும் அன்றே தின்ன வேண்டும் என்பது அளத்து வழக்கம். பேச்சித்தாய் இன்னும் பாத்தியில் நின்றாள். அவள் புருஷன் ஆண்டியப்பன், பிள்ளையின் கூழில் தாராளமாக உப்பைப் போட்டான்.

"உப்பளத்துப் பிள்ளை சப்புன்னா குடிக்கும்?" என்று பெருமை வேறு.

பிள்ளை வீறிட்டது. உள்ளேயிருந்து சகோதரிகள் "தண்ணி, தண்ணி" என்று கத்தியது அந்த அழுகையில் கேட்கவில்லை. பசி என்று நினைத்து அவன் இன்னும் ஊட்டினான். பாவி, ஆசையாகத்தான் ஊட்டினான்.

பேச்சித்தாய் ஓடிவந்தபோது பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "விட்டுருங்க தாயிகளா, உப்பை விட்டுருங்க."

"முடியலையே" என்று தங்கை அழுதாள். "பிடிக்க மட்டுந்தான் படிச்சோம். விடப் பழக ஒரு வருஷமாவது ஆகும்."

சிறுநீரகங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மூன்றாவது பிள்ளைக்கு ஆண்டியப்பனே கூழ் காய்ச்சினான். ஆற்றும்போது அவன் கண்ணீர் ஒரு சொட்டு உள்ளே விழுந்தது. அந்தக் கூழைக் கொட்டிவிட்டு, வேறு காய்ச்சினான்.

பச்சைப்பிள்ளையின் சிறுநீரகம் உப்பைப் பிடித்தால் லேசில் விடாமல் இருப்பதும், ஒரு வயதுவரை பிள்ளையின் கிண்ணத்தில் பெற்றவர்கள் உப்புப் போடாமல் இருப்பதும் அன்றிலிருந்துதான்.