மைனஸ் அறுபது ஜூல்

இது நான் நேரில் கண்டதல்ல. என்னோடு படித்தவளின் அத்தை சொல்லி, அவள் எனக்குச் சொன்னது. வழியில் ஏதாவது கூடியோ குறைந்தோ இருக்கலாம்.

சங்கரன்கோவிலில் அன்னலட்சுமி என்றொரு டீச்சர், படிப்பைப் பாதியில் விட்ட பெண்களுக்கு மாலையில் இயற்பியல் நடத்திவந்தார். பாதிப் பேர் டீச்சரைவிட மூத்தவர்கள். கோமதியும் அவள் ஓரகத்தி தமயந்தியும் அங்கேதான் படித்தார்கள். முதலில் சேர்ந்தவள் கோமதி. தமயந்தி பிந்தி வந்தாள். வந்த வேகத்தில் முந்திவிட்டாள்.

செய்முறை வகுப்புக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வேன் என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து கோமதிக்கு வயிறு எரிந்தது. அந்த இடம் தனக்கு வேண்டும். தமயந்திக்குப் போய்விடக் கூடாது. இரண்டில் எது பெரிதென்று அவளுக்கே தெரியவில்லை.

ஒருநாள் டீச்சர் இருவரிடமும் ஆளுக்கொரு இரண்டு கிலோ எடைக்கல்லைக் கொடுத்தார்.

"தமயந்தி, நீ மொட்டைமாடிக்குப் போ. கோமதியக்கா, நீங்க இந்த வராந்தா விளிம்பிலயே நில்லுங்க. கீழே மணல். அவங்கவங்க கல்லுக்கு நிலை ஆற்றல் எவ்வளவுன்னு கணக்குப் போடுங்க. பூஜ்யத்தை எங்க வேணும்னாலும் வச்சுக்கிடலாம்."

வீட்டிலும் மாடி அறை அவளுக்குத்தான், இங்கேயும் மாடியா? கோமதி அண்ணாந்து பார்த்தபடியே கணக்குப் போட்டாள்.

தமயந்தி மேலேயிருந்து சொன்னாள்: "மணல்லேருந்து நாலு மீட்டர். எண்பது ஜூல், டீச்சர்."

கோமதி மெதுவாகச் சொன்னாள்: "மைனஸ் அறுபது."

பின்னால் ஒருத்தி சிரித்தாள். "ஏ யக்கா, கல்லு உனக்குக் கடன் வச்சிருக்கா?"

"சரியான விடைதான்" என்றார் டீச்சர். "பூஜ்யத்தை எங்க வச்சீங்க?"

கோமதி ஒரு கையை நீட்டினாள். மாடிச் சுவரில் தமயந்தி கல்லை வைத்திருந்த இடத்தை விரலால் காட்டினாள்.

டீச்சர் தலையசைத்தார்.

கோமதி கல்லை இறுக்கிப் பிடித்தாள். "பூஜ்யத்தை மணல்ல வச்சா எனக்கு ஒரு மீட்டருக்கு இருபது, அவளுக்கு எண்பது. தெரியும் டீச்சர். கிணத்துக்குள்ள கொண்டுபோய் வச்சாலும் அவ அறுபது கூடத்தான். அது போகுமா?"

"போகாது."

"அப்புறம் பூஜ்யம் எங்க இருந்தா என்ன?"

"கல்லைப் போடுங்கக்கா."

"என்னத்துக்கு? எல்லாரும் சிரிக்கவா?"

"போடுங்க."

கோமதி கையை விட்டாள். கல் 'தொப்'பென்று விழுந்தது. டீச்சர் இறங்கிப் போய் அதை எடுத்து ஓரமாக வைத்தார். ஈர மணலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி.

"மைனஸ் அறுபதாக்கா இந்தக் குழியைப் போட்டுச்சு? உங்க கையிலேருந்து மணல் வரைக்கும் இருந்த இருபதுதானே?"

கோமதி குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமயந்தி மாடியிலிருந்து இறங்கி வந்ததை அவள் கவனிக்கவில்லை.

பிறகு நான் விசாரித்துப் பார்த்தேன். செய்முறை வகுப்பு வேலை தமயந்திக்குத்தான் போயிருக்கிறது. அந்த ஆண்டு இயற்பியலில் இருவருமே தேறியிருக்கிறார்கள்.