ஏழு கடல் தாண்டி வந்த கொப்பரை

மேழிக்கோட்டையை ஆண்ட வல்லபராயருக்கு எதுவும் வெளியூரிலிருந்து வந்தால்தான் பிடிக்கும். உள்ளூர் வெயில்கூட அவருக்குக் கொஞ்சம் மட்டம்தான். அப்படிப்பட்டவர் குளிப்பதற்கு ஒரு செம்புக் கொப்பரை வந்து சேர்ந்தது. பளபளப்பு என்றால் அப்படி ஒரு பளபளப்பு! சுத்தியல் பட்ட தடம் ஒன்றுகூடத் தெரியவில்லை. ராஜா அதில் முகம் பார்த்து மீசையை முறுக்கினார். குளிப்பதையே மறந்து மத்தியானம் வரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

கொண்டுவந்தவர் நாகராயர், அரண்மனைக்குச் சாமான் தருவிக்கிற அதிகாரி. ஏழு கடலுக்கு அப்பால் ஒரு தீவில் செய்தது, வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று, அங்கே முத்தைப் பொடித்து மெருகு போடுகிறார்கள் என்று அளந்துவிட்டார்.

ராஜா உருகிப்போனார். உருகின கையோடு ஓர் உத்தரவும் போட்டார். இனி அரண்மனைக் கொல்லையில் செம்புப் பட்டறை வேண்டாம். அங்கப்ப ஆசாரி வெள்ளிக்கிழமைக்குள் உலையை அவித்துவிட்டுக் குடும்பத்தோடு வெளியேற வேண்டும். அந்த இடத்தில் ஒட்டகம் கட்டலாம். ஒட்டகமும் வெளியூர்தானே.

அரசவை விகடன் சீராளனுக்கு இது பொறுக்கவில்லை. ஆசாரிக்கு ஆறுதல் சொல்லலாம் என்று பட்டறைக்குப் போனான். போன இடத்தில் மூலையில் குவிந்திருந்த செம்புத் துண்டுகளைப் பார்த்தான்.

ராஜா வேலையே தருவதில்லையே, இத்தனை செம்பு எதற்கு என்று கேட்டான். பாத்திரக்கடைக்காரர் ஒருவர் கொப்பரை கேட்டாராம். தகட்டைத் தட்டி எடுக்கப் பத்து நாள். புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து மெருகேற்ற மட்டும் இருபது நாள். கடைக்காரர் அதை யாருக்கு விற்றார் என்று ஆசாரிக்குத் தெரியாது.

சீராளன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். வெள்ளிக்கிழமை வரை உலையை அவிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் காலை குளியலறையில் அவனுக்குக் கால் இடறியது. எப்படித்தான் இடறியதோ, கொப்பரை உருண்டுபோய்க் கல்தொட்டியில் மோதிச் சரியாக நடுவயிற்றில் ஒடுங்கியது. ராஜாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கொப்பரையைச் செய்த கையாலேதான் ஒடுக்கை எடுக்க வேண்டும், தீவுக்கே அனுப்புகிறேன் என்று நாகராயர் அதை வண்டியில் ஏற்றினார்.

சீராளன் ராஜாவின் காதில் ஓதினான்: "மகாராஜா, வண்டி பின்னாலேயே மாறுவேஷத்தில் போவோம். அந்தக் கைக்குத் தங்கள் கையாலேயே பொன்னாடை போர்த்திவிட்டு வரலாம். நாகராயருக்குத் தெரிய வேண்டாம். பெரிய கலைஞர்கள் கூச்சப்படுவார்கள்."

ராஜாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒட்டுத்தாடி, காவித் தலைப்பாகை, பத்து நாளைக்குக் கட்டுச்சோறு. கப்பலில் குமட்டினால் என்ன செய்வது என்று ஒரு துண்டு நார்த்தங்காயை அரண்மனை வாசலிலேயே வாயில் அடக்கிக்கொண்டார்.

தெருக்கோடியில் ஒரு வாய்க்கால் குறுக்கிட்டது.

"இதுதான் முதல் கடலா?" என்றார் ராஜா.

"இது வாய்க்கால், மகாராஜா. கடல் இதைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும்."

வண்டி நாகராயர் மைத்துனர் வீட்டில் நின்றது. அவர் தொட்டுக்கூடப் பார்க்காமல் நெய்மண்டிக்கு அனுப்பினார். நெய்மண்டிக்காரர் எனக்கேன் வம்பு என்று பாத்திரக்கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் ஒடுக்கை ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். வெயில் ஏறுவதற்குள் வண்டி ஒரு பெரிய மதிலைச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கதவுக்குள் நுழைந்தது.

காவல்காரன் கொப்பரையைச் சும்மா விட்டான். ராஜாவைத்தான் தடுத்தான். பண்டாரங்களுக்கு உள்ளே வேலை இல்லை என்றான். கொப்பரைக்குத் துணையாக வந்தவர்கள் என்று சீராளன் சொன்ன பிறகே வழி கிடைத்தது.

"இந்தத் தீவில் நம்ம ஊர் மாதிரியே முருங்கைமரம் இருக்கிறதே" என்றார் ராஜா மெதுவாக. பிறகு அவர் வாயிலிருந்த நார்த்தங்காய் கீழே விழுந்தது. அது அவருடைய சொந்த முருங்கைமரம்.

பட்டறையில் அங்கப்ப ஆசாரி கொப்பரையைத் தட்டிக் கொடுத்து மடியில் சாய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கட்டையைக் கொடுத்து வெளியே மெள்ளத் தட்டினார். எட்டுத் தட்டில் ஒடுக்கு காணாமல் போயிற்று.

வந்தவர்களை உட்காரச் சொன்னார். "சாமி, இன்னைக்குத்தான் கடைக்காரர் சொன்னாரு. ஏழு கடலுக்கு அப்பால ஒரு ராஜாவாம். இந்தக் கொப்பரையில முகம் பார்த்துக்கிட்டு குளிக்கவே மறந்துட்டாராம். வேலையோட அருமை தெரிஞ்ச மனுஷன். எங்க ராஜாவும் இருக்காரு, பட்டறையில ஒட்டகம் கட்டப்போறாரு. நான் வெள்ளிக்கிழமை கிளம்பி அந்த ராஜாகிட்டயே போய்ச் சேர்ந்துக்கப் போறேன். வழி தெரிஞ்சா சொல்லுங்க, சாமி."

ராஜா சட்டென்று எழுந்தார். தலைப்பாகையை அவிழ்த்தார். தாடியையும் பிடுங்கினார், பசை கொஞ்சம் நன்றாகவே ஒட்டியிருந்ததால் பாதி மீசையும் கூடவே வந்துவிட்டது.

"நீர் போக வேண்டாம், ஆசாரி" என்றார். "அந்த ராஜாவே புறப்பட்டு வந்துவிட்டார். வருகிற வழியில் கடல்தான் ஒன்றுகூட அகப்படவில்லை."

ஆசாரி கும்பிடுவதற்குள் பொன்னாடை அவர் தோளில் ஏறியது. பத்து நாள் கட்டுச்சோற்றையும் அங்கேயே பிரித்தார்கள். ராஜா மீதி மீசையைக் கொப்பரையில் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்த நேரத்தில் நாகராயர் சபைக்கு ஓடி வந்து, ராஜாவைக் காணாமல் தேடி, கொல்லைக்கு வந்து சேர்ந்தார். கொப்பரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ராஜாவைப் பார்த்தார். ராஜாவுக்குப் பின்னால் இருந்த கொப்பரையைத்தான் அவர் பார்க்கவில்லை.

"கொப்பரை பத்திரமாகக் கப்பல் ஏறிவிட்டது, மகாராஜா. திரும்பி வர மூன்று மாதம் ஆகும்."

ராஜா சீராளனைப் பார்த்தார். சீராளன் கைகட்டிக்கொண்டு சொன்னான்:

"துணைக்கு ஆளில்லாமல் அனுப்பிவிட்டீர்களே, நாகராயரே. அதே கப்பலில் இவரும் ஏறிப் போய் அதைக் கூட்டிக்கொண்டு வரட்டும், மகாராஜா. வேறு கப்பல் கூடாது. கொப்பரை இல்லாமல் ஊருக்குள்ளும் வரக் கூடாது."

ராஜா அப்படியே உத்தரவு போட்டார். நாகராயர் இன்னும் துறைமுகத்தில்தான் இருக்கிறார், கப்பல் கப்பலாக ஏறி விசாரித்துக்கொண்டு.