சந்துக்குள் நுழையாத சப்பரம்

"மாதா ஒரே மாசத்துல பெருத்துட்டாங்களா?" பவனியில் எனக்குப் பின்னால் யாரோ கேட்டார்கள். மாதா சிலை இருந்த சப்பரம் சந்து முனையில் சிக்கி நின்றது.

சந்தின் கோடியில் குடியிருக்கும் செசிலியக்காதான் மாதமாதம் முதல் சனிக்கிழமைச் சப்பரத்துக்குப் பூ அலங்காரம் செய்கிறவர். சந்தின் முதல் வீடு பங்குப் பேரவைத் துணைத் தலைவர் இன்னாசிமுத்துவுடையது. அவர் புதுச் சுவர் எழுப்பியதிலிருந்து அக்காவின் பூவண்டி உள்ளே போகவில்லை. அக்கா கேட்டதற்கு, "நான் ஒரு அங்குலம்கூட வெளியே வரல" என்றார். "சனிக்கிழமை சப்பரம் என் வாசலுக்கு வரணும். வரலேன்னா பூ வேலைக்கு வேற ஆள் பாத்துக்குவேன்" என்றும் மிரட்டியிருந்தார்.

இப்போது எல்லோர் முன்னாலும் அக்காவைப் பார்த்துக் கத்தினார்: "பூவை அகலமா வச்சுட்டியா?"

"அதே சப்பரம், அதே பூதான் ஐயா. போன மாசம் என் வீடு வரைக்கும் வந்துச்சு. சுவரும் வெளியே வரலேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ மாதாதான் பெருத்திருக்கணும். சாமி, ஜெபமாலையை நிறுத்திட்டு மாதாவை அளந்து பாக்கலாமா?"

பங்குச்சாமியார் மாதாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

இன்னாசிமுத்துவின் மனைவி ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய், கடப்பாரையை எடுத்துவந்து கணவர் கையில் கொடுத்தார்.