மூவாயிரம் வராகனும் ஒரு பலாமரமும்

ஆலங்கோட்டையை ஆண்ட பூவராக ராஜாவுக்கு இரண்டு விஷயங்களில் பொறுமையே கிடையாது. ஒன்று பசி, இன்னொன்று நாற்றம். அந்த வருஷம் சித்திரையில் நாற்றம் அரண்மனைக்கே வந்து சேர்ந்தது.

ராணியின் குளியலறையில் ஊற்றிய தண்ணீர் போன வழியே திரும்பி வந்தது. தனியாக வந்திருந்தால் பரவாயில்லை, கூட்டாளிகளோடு வந்தது. இன்னும் ஆறு நாளில் இளவரசியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு சபை நடத்தினார். உத்தரவு எதுவும் யாருக்கும் புரியவில்லை.

மராமத்து அதிகாரி தில்லைவிடங்கர் வந்தார். வழக்கம்போலக் கையில் ஒரு தட்டு, தட்டு நிறையத் தம் வீட்டுப் பலாச்சுளை. ராஜாவைக் குளிரவைக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

"மகாராஜா, இங்கிருந்து வாய்க்கால் வரைக்கும் மண்ணுக்கடியில் ஓடுகிற கழிவுக் குழாய் முழுக்கப் போய்விட்டது. மொத்தமும் தோண்டிப் புதிதாகப் போடவேண்டும். மூவாயிரம் வராகன் ஆகும்."

ராஜாவுக்குச் சுளை தொண்டையில் நின்றது. "மூவாயிரமா? குழாய் மண்ணா, பொன்னா?"

"மண்தான். குழாய்க்கு இருநூறு. தோண்ட ஆயிரம். மூட ஆயிரம். மேற்பார்வைக்கு எண்ணூறு."

"தோண்டவும் மூடவும் ஒரே கூலியா?" என்று ஒரு குரல் கேட்டது. சாரநாதன்தான். ராஜாவுக்கு ஓலை வாசித்துக் காட்டுவது அவன் வேலை. எழுதியதை வாசித்துவிட்டு, எழுதாமல் விட்டதையும் சொல்லிவிடுவான். அதனால் அதிகாரிகளுக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"அதே மண்தானே அப்பா மேலே வருகிறது, கீழே போகிறது?" என்றார் அதிகாரி.

"சரி. குழாய்க்குள்ளே பார்த்தீர்களா?"

"மண்ணுக்கடியில் கிடப்பதை எப்படிப் பார்ப்பது? நாற்றமே சாட்சி! மகாராஜா, இன்னொரு விஷயம். குயவர் தெருவில் ஒன்பது வீடுகள் குழாயின் மேலேயே நிற்கின்றன. நாளைக்கே இடித்தாக வேண்டும்."

அரண்மனைக்குப் பானை கொடுக்க வந்த குயவர் மருதப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். ஓடிவந்து விழுந்தார். "சாமி, சூளையில தீ போட்டாச்சு. இப்ப வீட்டை இடிச்சுட்டா புள்ளகுட்டியோட நாங்க எங்க போவோம்?"

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. மூக்கும் கேட்கவில்லை. சாரநாதனைப் பார்த்தார்.

"அதிகாரி சொல்வது நியாயம்தான். குழாய் மேல் எதுவும் நிற்கக்கூடாது. அதை அப்படியே எழுதி முத்திரை வைத்துவிடலாம்" என்றான் அவன். மருதப்பன் அவனைப் பார்த்த பார்வையில் சாபம் இருந்தது.

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். தாமே சொல்லச் சொல்ல எழுதவைத்தார். "குழாயின் மேல் நிற்பது எதுவானாலும், யாருடையதானாலும், சொந்தக்காரரே தம் செலவில் அகற்றவேண்டும்."

"யாருடையதானாலும்?"

"யாருடையதானாலும்!"

முத்திரை விழுந்தது. ஓலையை மடித்துக்கொண்டு சாரநாதன் சொன்னான்: "இடிப்பதற்கு முன்னால் எனக்கு நான்கு அண்டா மஞ்சள் தண்ணீர் வேண்டும், மகாராஜா. குழாய்க்குள்ளே பார்க்கப் போகிறேன். குழாய் முழுக்கப் போனது உண்மையானால் அடைப்பை நானே இறங்கி அள்ளுகிறேன்."

மறுநாள் காலை ராஜாவும் வந்தார், முகத்தில் சந்தனம் நனைத்த துணியோடு. குழாய் போகிற வழியில் நான்கு இடங்களில் கல்மூடிகள் உண்டு. போட்ட நாளிலிருந்து யாரும் திறந்ததில்லை. அரண்மனையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள்.

முதல் மூடிக்குக் கீழே மஞ்சள். இரண்டாவதிலும் மஞ்சள். மூன்றாவதில் விளிம்பு வரை தளும்பியது. நான்காவது மூடி குயவர் தெரு முனையில் இருந்தது. அதைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லி, ஈரமே படாமல் சுகமாக உட்கார்ந்திருந்தது. அதிலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். கலகலவென்று வாய்க்காலில் போய் விழுந்தது.

"குயவர் தெருக் குழாய் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது" என்றான் சாரநாதன். "கோளாறு மூன்றாவது மூடிக்கும் நான்காவதுக்கும் நடுவில்."

நடுவில் உயரமான மதில். மதிலுக்கு மேலே ஒரு பலாமரம் எட்டிப் பார்த்தது.

"யார் வீட்டுத் தோட்டம் இது?" என்றார் ராஜா.

அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அடியேன் வீடு, மகாராஜா."

மரத்தடியில் தோண்டினார்கள். பலாவின் வேர் ஏழு குழாய்களை நொறுக்கிவிட்டு எட்டாவதில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"இப்போது செலவு என்ன?" என்றார் ராஜா.

"எட்டுக் குழாய், மூன்று ஆளுக்கு ஒரு நாள் கூலி, ஒரு பலாமரம்" என்ற சாரநாதன் ஓலையைப் பிரித்து வாசித்தான். "எதுவானாலும், யாருடையதானாலும், சொந்தக்காரரே தம் செலவில்..."

அதிகாரி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஐயோ, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த மரம்! ஏழு வருஷமாக மகாராஜாவுக்குத்தானே முதல் பழம்! இந்த ருசி ஊரில் எந்த மரத்துக்கு உண்டு? இத்தனைக்கும் நான் ஒரு பிடி எரு போட்டதில்லை, ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை! தானாக வளர்ந்தது!"

ராஜா அரண்மனையைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். மரத்தில் தொங்கிய பழத்தைப் பார்த்தார். முகம் மெல்ல வெளிறியது.

"சாரநாதா... அப்படியானால் ஏழு வருஷமாக நான் சாப்பிட்டது..."

"அதிகாரியைக் குறை சொல்லாதீர்கள், மகாராஜா. மூவாயிரம் வராகனில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் அரண்மனையிலிருந்து வந்ததை மட்டும் ஒன்றுகூட வைத்துக்கொள்ளாமல் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்!"

ராஜா சிரித்தார். முகத்துத் துணி நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தார். பலாமரத்தை அதிகாரியின் செலவிலேயே அகற்றவைத்து, ஒன்பது வீட்டுக்கு மட்டும் விலக்களித்துப் பட்டயம் எழுதச் சொன்னார். எட்டுக் குழாயும் மருதப்பனிடமே வாங்கினார்கள். சாரநாதனுக்கு நூறு வராகன் கிடைத்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு மல்லிகை வாசனை மட்டுமே கிடைத்தது.

அதற்குப் பிறகு ஆலங்கோட்டை அரண்மனையில் யார் பழத்தட்டு கொண்டுவந்தாலும், ராஜா தொடுவதற்கு முன்னால் ஒன்று கேட்பார்: "மரம் எங்கே நிற்கிறது?"