பிழை ஏழு

“தப்பு நடந்தா என் நிரல் சொல்லத்தானே செய்யுது? அப்புறமும் ஏன் எனக்கே போன் போட்டு உயிரை எடுக்கறாங்க, டீச்சர்?”

கேட்டவர் ஆரோக்கியதாஸ். ஆஸ்பத்திரிகளில் ரத்தம் வைக்கும் குளிர்பெட்டிகளுக்கு டிரைவர் எழுதுபவர். டிரைவர் என்றால், பெட்டிக்குள் இருக்கும் கருவிகளிடம் பேசி, அவை சொல்வதை வாங்கி வெளியே காட்டும் நிரல்.

அவர் டீச்சர் என்று அழைத்த குரு, அவரைவிட இளையவர். தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்லுது, அண்ணே?”

“பிழை ஏழு.”

“ஏழுன்னா?”

“சரியான அளவு வரலைன்னு அர்த்தம். குளிர் போயிருக்கலாம். ஸென்சார் ஒயர் கழண்டிருக்கலாம். போர்டே கூடப் போயிருக்கலாம். எல்லாத்துக்கும் ஏழுதான்.”

குரு ஒரு காயின் காம்பைக் கிள்ளி எறிந்தார்.

போன் அடித்தது. மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பேசியவர் சிஸ்டர் நாகஜோதி.

“சார், மறுபடியும் பிழை ஏழு. ஒரே வார்த்தை சொல்லுங்க. ரத்தத்தைக் கொட்டவா, வைக்கவா?”

“நேர்ல வந்து பார்த்தாத்தான்மா சொல்ல முடியும்.”

“நீங்க மலையேறி வரதுக்குள்ள சாயந்திரம் ஆயிடும். இங்கே குழந்தை பெத்த பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. அவளுக்குச் சேர்ற ரத்தம் இந்தப் பெட்டியிலதான் இருக்கு. கெட்டுப்போச்சோ என்னமோன்னு டாக்டர் தொட மாட்டேங்கறார்.”

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க.”

“அதெல்லாம் பண்ணியாச்சு. ஏழுதான்.”

போன் கட் ஆனது.

“இப்போ நான் என்ன செய்யறது?” என்றார் ஆரோக்கியதாஸ்.

குரு வாசல் பக்கம் பார்த்தார்.

“பிழை ஏழு.”

“என்ன?”

“பிழை ஏழு.”

“ஒரு உயிர் ஊசலாடுது டீச்சர். கிண்டல் பண்ற நேரமா இது?”

“பிழை ஏழு, அண்ணே.”

வாசலில் மென்று தின்னும் சத்தம் கேட்டது. ஆரோக்கியதாஸ் திரும்பிப் பார்த்தார். படியில் வைத்திருந்த அவருடைய பையிலிருந்து லேப்டாப்பின் சார்ஜர் ஒயரை இழுத்து ஓர் ஆடு கடித்துக்கொண்டிருந்தது.

விரட்டினார். கையில் கிடைத்தது பாதி ஒயர்.

“ஆடுன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன?”

“சொன்னேனே. மூணு தடவை.”

ஆரோக்கியதாஸ் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். புது நிரலை இங்கிருந்தே அந்தப் பெட்டிக்கு அனுப்பிவிடலாம். ஆனால் பெட்டி சொல்வதைப் படிக்க அதன் எதிரில்தான் நிற்க வேண்டும். அவர்தான் அப்படி அமைத்திருந்தார்.

‘பிழை ஏழு’ என்பதை அழித்தார். இனி நடப்பது எல்லாவற்றையும், ஒன்று விடாமல், பெட்டி சொல்லும்படி மாற்றினார். அனுப்பினார்.

குரு மறுபடி பேச ஆரம்பித்தார்.

“வெயில் அடிக்குது. கத்தி என் கையில இருக்கு. ஒரு காய் நறுக்கினேன். ஈ உட்கார்ந்துச்சு. ஈ பறந்துச்சு. இன்னொரு காய் நறுக்கினேன். ஆடு வந்திருக்கு. ஃபேன் சுத்துது. காக்கா கத்துது. கத்தி என் கையில இருக்கு.”

“கொஞ்சம் சும்மா இருங்க டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

போன் அடித்தது.

“சார், என்ன செஞ்சீங்க? எழுத்து ஓடிக்கிட்டே இருக்கு. ‘கதவு மூடியிருக்கிறது. விசிறி சுற்றுகிறது. கீழ்த் தட்டைக் கேட்டேன். விசிறி சுற்றுகிறது.’ நடுவுல ‘பதில் இல்லை’ன்னு என்னமோ வந்துச்சு. படிக்கறதுக்குள்ள மேலே போயிடுச்சு. இதுல நான் எதைப் பார்க்கறது?”

“எல்லாமே இருக்கும்மா அதுல. தேடிப் பாருங்க.”

“தேடவா? இங்கே அந்தப் பொண்ணு வெளுத்துக்கிட்டே வர்றா சார்.”

வாசலில் ஏதோ உருண்டது. ஆரோக்கியதாஸின் சாப்பாட்டு டப்பா. புளிசாதம் படியெல்லாம் சிந்தியிருந்தது. ஆடு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

“டீச்சர், ஆடு திரும்ப வந்ததை ஏன் சொல்லலை?”

“சொன்னேன் அண்ணே. ஈக்கும் காக்காவுக்கும் நடுவுல.”

ஆரோக்கியதாஸ் எழுந்து போய் ஆட்டை விரட்டிவிட்டு வந்தார். லேப்டாப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை அனுப்பத்தான் சார்ஜ் தாங்கும்.

அவர் உட்கார்ந்தார். விசைகளைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“தூங்கறீங்களா?” என்றார் குரு.

“இல்லை. சிஸ்டர் அந்தப் பெட்டிக்கு முன்னாடி எப்படி நிப்பாங்கன்னு பார்க்கறேன்.”

குரு கத்தியைக் கீழே வைத்தார்.

ஆரோக்கியதாஸ் கொஞ்சமாகத்தான் எழுதினார். அதிலும் பாதியை அழித்தார். அனுப்பினார். லேப்டாப் அணைந்தது.

போன் அடித்தது. நாகஜோதி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

“‘மேல் தட்டு ஸென்சார் பதில் சொல்லவில்லை. அங்கே எவ்வளவு குளிர் என்று தெரியாது. கீழ்த் தட்டு நான்கு டிகிரி, சரியான குளிர். நேற்றிலிருந்து ஏறவே இல்லை. பெட்டிக்குப் பின்னால் நீல ஒயர் கழன்றிருக்கிறதா பாருங்கள்.’”

பெட்டியை நகர்த்தும் சத்தம் வந்தது.

“தொங்குது சார். பெருக்கும்போது தட்டிவிட்டிருப்பாங்க.” மூச்சு வாங்கியது அவருக்கு. “சொருகிட்டேன். மேலேயும் நாலு காட்டுது.”

“அந்தப் பொண்ணுக்கான ரத்தம் எந்தத் தட்டுல இருக்கு?”

“கீழ்த் தட்டு சார். கீழ்த் தட்டுலதான்.”

போனை அணைக்க நாகஜோதிக்குத் தோன்றவில்லை. ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. தூரத்தில் அவர் குரல்: “டாக்டர், நல்லா இருக்கு. ஏத்தலாம்.” இன்னொரு குரல் எதையோ கேட்டது. “தெரியும் டாக்டர்,” என்றார் நாகஜோதி, “பெட்டியே சொல்லுது.”

ஆரோக்கியதாஸ் போனை அணைத்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“இத்தனை வருஷமா நான் யாருக்கு எழுதிட்டிருந்தேன், டீச்சர்?”

குரு நறுக்கிய காயை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலைப் பார்த்தார்.

“ஆடு வந்திருக்கு அண்ணே. உங்க வலது செருப்பு போச்சு. இடது இன்னும் நல்லா இருக்கு. எடுத்து உள்ளே வைங்க.”